காற்று இல்லாத நாளில் காற்றாடிக்குக் காணி காட்டப் போனோம்

போன பங்குனியில் நெடுந்தீவுக்குப் போய்வந்தேன். கணவர் இறந்த பிறகு அந்தப் பக்கம் போக மனம் வரவில்லை. கரவெட்டியில் தங்கச்சி வீட்டில்தான் இருக்கிறேன். அவரின் தம்பி, என் மச்சான், போன் எடுத்தார்: "மச்சாள், கரண்ட் எடுக்கிற காத்தாடிக்குக் காசு போடுற ஆக்கள் இடம் பாக்க வருகினம். அண்ணையின்ரை காணியும் அதுக்கை வருது. நீங்களும் வந்து நில்லுங்கோ."

காலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்தில் குறிகட்டுவான் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். இருநூறு ரூபாவுக்குள் முடியும். ஒன்பது மணிப் படகு, ஒரு மணி நேர ஓட்டம். கடல் பாய் விரித்ததுபோல் கிடந்தது.

எங்கள் தீவுக்கு டீசல் எஞ்சின்தான் கரண்ட் தரும். அதில்தான் என் கணவருக்கு வேலை. வைகாசியில் தொடங்கும் சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, கடலைக் கலக்கி அடிக்கிற மாதங்களில் டீசல் படகு வராமல் விளக்கு அணைந்தால், ஊர் அவரைத்தான் ஏசும். "காத்துக்கு ஆர் படகு அனுப்பவேணும்? அது தானா வருதே" என்று சொல்லிக்கொண்டு இருட்டில் சாப்பிடுவார். அதனால் காணி கொடுக்க எனக்கு முழுச் சம்மதம். வந்தவர்களுக்குப் பிடிக்க வேண்டுமே!

மூன்று பேர் வந்தார்கள். பெரியவர் கொழும்பில் இருக்கிற யாழ்ப்பாணத்து ஐயா. காணியில் ஒரு பனையோலை அசையவில்லை. கையிலிருந்த பைலால் விசிறிக்கொண்டு கேட்டார்:

"காத்து எங்கை அம்மா?"

மச்சான் தலையைச் சொறிந்தார். "சோளகத்திலை வந்தால் படகு ஆடுற ஆட்டத்திலை சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுப்பீங்கள் ஐயா. அதுதான் காத்தில்லாத நாளாப் பாத்து வரச்சொன்னனாங்கள்."

"நல்ல காலம், சூரிய வெளிச்சக்காரரை இரவிலை கூப்பிடேல்லை!" என்றான் எங்களை ஏற்றிவந்த ஆட்டோக்காரன்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஐயா பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். அப்படியே போகவிட எனக்கு மனமில்லை. தேத்தண்ணிக்கென்று பக்கத்தில் பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

ஐயா வேலிப் படலையடியிலேயே நின்றுவிட்டார். "உதென்ன, கூரையிலை இரும்பு?"

"கழிச்ச எஞ்சின் சாமான் ஐயா. என்ரை மனுசன் ஏத்தினவர். கல்லு வைச்சால் சோளகம் தகரத்தோடை கொண்டுபோயிடும்."

ஒரு பல்சக்கரம் கீழே விழுந்து கிடந்தது. ஐயா இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"இதையும் காத்தே தள்ளினது?"

"ஓம், போன சோளகம்."

கூரையைப் படம் எடுத்தார். "வைகாசியிலை வாறன் அம்மா, காத்து அளக்கிற கம்பத்தோடை."

"வெறும் வயித்தோடை வாங்கோ ஐயா!"

நீங்கள் போவதென்றால் பங்குனி, சித்திரையில் போங்கள். தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். ஆட்டோவுக்கு ஏறமுன் விலை பேசுங்கள். திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கியவுடனேயே கேட்டு வையுங்கள். வைகாசியில் போகிறவர்கள் காலைச் சாப்பாட்டை மறந்துவிடுங்கள்.

ஐயா வருகிற அன்று நானும் அந்தப் படகில்தான் போவேன். விழுந்த சக்கரத்தைச் சோளகம் தொடங்கமுன் கூரையில் ஏற்றச் சொல்லி, வீட்டுப் பூட்டின் திறப்பை மச்சானிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.