எஸ்போசிட்டோ வீட்டுக் கல்யாணம்

மகளை டெக்ஸஸில் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. அவள் போனை எடுக்கவில்லை என்றால் எடுக்கும்வரை திரும்பத் திரும்ப அடிக்கிறேன். அப்படி அடிக்கும்போதுதான் எஸ்போசிட்டோ ஆன்ட்டியின் நினைவு வருகிறது.

தொண்ணூறுகளில் நாங்கள் ஐசலின் என்ற அமெரிக்க ஊரில் குடியிருந்தோம். ஆன்ட்டி பக்கத்து வீடு. பள்ளி விட்டதும் அம்மா வரும்வரை நான் அவர் வீட்டில்தான் இருப்பேன். தம்பி பிறந்த சமயத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகையைப் பார்த்த அம்மா அதிர்ந்துபோனாள்.

"ஏனுங்க, பொண்ணும் எஸ்போசிட்டோ, மாப்பிள்ளையும் எஸ்போசிட்டோ. ஒரே கூட்டத்துல கட்டறாங்க!"

"நம்மூர்க் கணக்க இங்க போடாத. என் ஆபீஸ்லயே ரெண்டு எஸ்போசிட்டோ இருக்காங்க," என்றார் அப்பா.

"அப்ப அவங்களும் பங்காளிகதான்."

எங்கள் கோபிப் பக்கம் ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலத்தில், பிறந்தவர்கள் அண்ணன் தங்கை முறை. அம்மாவால் அதைத் தாண்டி யோசிக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்து மாதத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஆன்ட்டி வீட்டுக்குப் போனாள். கேட்கக் கூச்சப்பட்டு என்னைக் கிள்ளினாள். நான் ஆங்கிலத்தில் நேராகவே கேட்டேன்: மாப்பிள்ளை உங்கள் மகளுக்கு அண்ணன் இல்லையா?

ஆன்ட்டி விழுந்து விழுந்து சிரித்தார்; அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பிறகு ஆன்ட்டி சொன்னார். இத்தாலியில் அவர்களுடைய பூர்வீக ஊரான நேப்பிள்ஸில் திரும்பிய பக்கமெல்லாம் இந்தக் குடும்பப் பெயர்தானாம். பெயர் ஒன்று என்பதால் உறவு என்று அர்த்தமில்லையாம். வளர்க்க வழியில்லாத தாய்மார்கள் அந்தக் காலத்தில் பிள்ளையை அநாதை ஆசிரமச் சுவரில் இருந்த சின்னத் திறப்பில் வைத்துவிட்டுப் போவார்களாம். அப்படி வெளியே விடப்பட்ட பிள்ளைகளுக்கு வைத்த பெயர் அது. பிறகு அரசாங்கம் அப்படிப் பெயர் வைக்கக் கூடாது என்றது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் அந்தப் பெயரோடு பெருகிவிட்டன. சில தாய்மார்கள் ஒரு பதக்கத்தை உடைத்துப் பாதியைப் பிள்ளையோடு விடுவார்கள், மீதியைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று.

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "யாராச்சும் திரும்பி வந்தாங்களான்னு கேளு," என்றாள்.

சிலர் வந்தார்கள் என்றார் ஆன்ட்டி.

அடுத்த வாரம் தம்பி அப்பாவோடு ஊருக்குப் போவதாக இருந்தான். சித்தி வளர்ப்பாள், கொஞ்சம் பெரியவனானதும் கூட்டி வந்துவிடலாம் என்று ஏற்பாடு. அப்போது எங்களைப் போன்ற பல வீடுகளில் அதுதான் வழக்கம். எனக்கு அதில் ஒரே ஒரு வருத்தம்தான், விமானத்தில் என்னைக் கூட்டிப் போகவில்லை என்று.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "டிக்கெட்டத் தள்ளிப் போடலாமுங்களா?"

"நீ வேலைய விட்டா க்ரீன் கார்டு என்னாகும்? உன் பேர்லதானே அப்ளை பண்ணியிருக்கு," என்றார் அப்பா, அவளைப் பார்க்காமல்.

தம்பி போனான். கல்யாணத்துக்கு அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் மணமக்களை வாழ்த்திவிட்டு வந்தாள்.

இரண்டு வருடம் கழித்து நூவர்க் விமான நிலையத்தில் அம்மா மண்டியிட்டுக் கைகளை நீட்டினாள். தம்பி, அவனைக் கூட்டி வந்த சித்தியின் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லப் பழக்கியிருந்தார்கள் போல, கைகூப்பிச் சொன்னான்:

"வணக்கம் ஆன்ட்டி."

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. அவ்வளவு சிரித்தால் யாருக்கும் அப்படித்தான் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.