ஹரிணியின் பாதம் தரையில் பட்ட நாள்

மூன்று வயது முடிந்தும் ஹரிணி உட்காரவில்லை. பிடித்து உட்கார வைத்தால் பின்னால் சாய்வாள். தூக்கி நிறுத்தினால் இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். வலது கை எப்போதும் மூடியே இருக்கும். பிறக்கும்போது மூச்சு முட்டி மூளைக்குக் காற்றுப் போகவில்லை, இதற்குப் பேர் மூளை வாதம் என்று திருநெல்வேலியில் டாக்டர் சொன்னார்.

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். போன கொடைத் திருவிழாவில் நம் கோயிலில் ஒவ்வொருவராக எழுந்து அம்மன் தங்களுக்குச் செய்ததைச் சொன்னபோது, நான் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்றிலிருந்து மனசு குத்துகிறது. அதனால் எழுதுகிறேன்.

ஹரிணி என் எதிர் வீட்டுச் செல்வியின் மகள். எங்கள் ஊர் பசுவந்தனைப் பக்கம். செல்வி விடிந்ததும் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவாள். அவள் வீட்டுக்காரருக்கு லோடு வண்டியில் வெளியூர்ப் பிழைப்பு. எனக்குப் பிள்ளை இல்லை, துணையும் போய்ச் சேர்ந்துவிட்டார். பகலெல்லாம் ஹரிணி என் இடுப்பில்தான்.

அவளுக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது, ஆடிக் கடைசிச் செவ்வாய் அன்று, மாரியம்மன் முன்னால் நின்று நேர்ந்துகொண்டேன். "தாயே, நீ இவளை நடக்க வைக்கிற வரைக்கும் இவ காலு தரையில படாது. முதல் அடி உன் சந்நிதியிலதான்." யாரிடமும் சொல்லவில்லை. வெளியே சொன்னால் பலிக்காது என்று ஒரு நினைப்பு. அதற்குப் பிறகு கட்டிலில் கிடத்துவேன், மடியில் வைப்பேன், இடுப்பில் வைப்பேன். காலை மட்டும் தரையில் விடமாட்டேன்.

புதன்கிழமை தோறும் பஸ் ஏறி அவளைக் கோவில்பட்டிக்குப் பயிற்சிக்குக் கொண்டுபோவேன். அங்கே ஒரு சின்ன வயசு டீச்சர். குட்டி முக்காலி ஒன்று கொடுத்து, அதில் உட்கார வைத்துப் பாதம் இரண்டும் தரையில் பதிகிற மாதிரி பிடிக்கச் சொன்னாள்.

"காலு தொங்குனா விழுந்திருவோம்னு உடம்பு பயப்படும் பாட்டி. இறுக்கிக்கிடும். பாதம் ஊனினாத்தான் முதுகு நிமிரும், கையும் நீளும்" என்பாள்.

நான் தலையை ஆட்டுவேன். வீட்டுக்கு வந்து விரலை நீவிவிடுவேன், காலை அகட்டிவிடுவேன். அதெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். முக்காலியை மட்டும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அங்கே டீச்சர் அவளை நிறுத்தும்போது, "ரப்பர் பாய் மேலதானே தாயே, இது தரை இல்லையே" என்று அம்மனிடம் சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

ஒரு புதன்கிழமை செல்வியும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். டீச்சர் பிள்ளையின் பாதத்தைத் தடவிப் பார்த்தாள். "பிறந்த பிள்ளை பாதம் மாதிரி மெத்துனு இருக்கே. வீட்டுல ஊனவே விடலையா? இப்படியே போனா இடுப்பு மூட்டு நழுவிரும்க்கா. இதுதான் பழகுற வயசு" என்றாள். செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நேராக என் வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து முக்காலியை இழுத்தாள். ஒட்டடை படிந்திருந்தது.

நான் உண்மையைச் சொன்னேன்.

"எம் பிள்ளை காலை எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நேந்து விட்டிருக்கீங்களே பெரியம்மா! உங்க நேர்ச்சைக்கு அவ முடமா கிடக்கணுமா? இனி நீங்க அவளைத் தூக்க வேண்டாம்."

மூன்று நாள் நான் சோறு பொங்கவில்லை. எதிர் வீட்டில் பிள்ளை அழுகிற சத்தம் கேட்கும். நான் போக முடியாது. நேர்ச்சையை மீறினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். மீறாவிட்டால் இடுப்பு போய்விடும் என்கிறாள் டீச்சர். "தாயே, நானே கட்டிக்கிட்ட முடிச்சு, எனக்கு அவிழ்க்கத் தெரியல. நீயே அவிழ்த்துவிடு. எனக்கு என்ன தண்டனைனாலும் குடு. பிள்ளை காலை விட்டிரு." இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

நாலாம் நாள் பூசாரி அண்ணாச்சியிடம் சொல்லி அழுதேன். உளுந்துக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "இவ்வளவுதானா? பூக் கேட்டுப் பாத்திருவோம் யக்கா. வெள்ளை வந்தா காலை எறக்கலாம். செவப்பு வந்தா அப்புறம் யோசிப்போம்" என்றார். செல்வியையும் அவரே போய்க் கூப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை. வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் வைத்தார். எடுப்பது எப்போதும் ஒரு சின்னப் பிள்ளைதான். அன்றைக்கு வேறு பிள்ளை யாரும் இல்லை.

"இவளே எடுக்கட்டும்" என்றார்.

"அவளுக்கு எங்க அண்ணாச்சி கை வரும்? செவப்பு வந்தா என்ன, இன்னும் மூணு வருசம் இடுப்புலயே தூக்கச் சொல்லுவீங்களோ?"

"ஏட்டி செல்வி, சாமி முன்னால வாயாடாத. பிள்ளையப் பெரியம்மாகிட்ட குடு."

ஆறு நாள் கழித்து அவளைத் தொட்டேன். சந்நிதிப் படியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணாச்சி தட்டை நீட்டினார். ஹரிணி பொட்டலங்களைப் பார்த்தாள். கலகலவென்று சிரித்தாள். உடம்பெல்லாம் விறைத்தது. என் மடியிலிருந்து நழுவினாள். நான் பிடிப்பதற்குள் அவள் இரண்டு பாதமும் கீழ்ப்படியில் பதிந்துவிட்டன. அந்தக் கல்லில் ஊன்றி முன்னால் சாய்ந்தாள். மூடியே கிடந்த அந்த வலது கை மெல்ல மெல்லத் திறந்தது. நீண்டது. ஒரு பொட்டலத்தைப் பற்றிக்கொண்டது.



அண்ணாச்சிதான் முதலில் பேசினார். "காலை ஊனிட்டாளே யக்கா! ஆத்தா வாசல்லயே ஊனிட்டா. இனி எதுக்குப் பூ?"

ஹரிணி அதற்குள் பொட்டலத்தை வாயில் வைத்துவிட்டாள். செல்வி அழுதுகொண்டே பிடுங்கினாள். என்ன பூ என்று அவள் பார்த்திருப்பாள். நான் பார்க்கவில்லை. இன்றுவரை நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அன்றைக்குச் சாயங்காலம் முக்காலியைத் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லாமே பயிற்சிதான். முக்காலியில் உட்கார்ந்து, பாதம் ஊன்றித்தான் குளிப்பாள். கப்பை இரண்டு கையாலும் பிடிக்க வைப்பேன். பாதித் தண்ணீர் என் மேல் கொட்டும். சட்டை போடும்போது கையை அவளாக நுழைக்கிற வரை காத்திருப்பேன். முன்னெல்லாம் அழுவதற்கு முன்னாலேயே தூக்கிவிடுவேன். இப்போது அவள் கை நீட்டாமல் தூக்குவதில்லை. அது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

நடக்கிறாளா என்று கேட்பீர்கள். தனியாக நடக்கவில்லை. இப்போது ஆறு வயது. காலுக்குப் பட்டை போட்டுக்கொண்டு, சக்கரம் வைத்த கம்பியைப் பிடித்து வாசல்வரை வருவாள். முதல் அடியை அம்மன் சந்நிதியில் வைக்கவில்லை. எங்கள் கோழியைப் பிடிக்கத்தான் வைத்தாள். அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை.

பிள்ளைக்காக நேர்ந்துகொண்டு காத்திருக்கும் தாய்மார்களே, அம்மனை நம்புங்கள், என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். உங்கள் காலைக் கட்டி நேர்ந்துகொள்ளுங்கள், பிள்ளையின் காலை விட்டுவிடுங்கள். அம்மன் அதைப் பிடித்து நடத்துவாள்.

நேற்று மழை பெய்தது. பட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, குழாயைப் பிடித்துக்கொண்டு ஹரிணி வாசலில் வெறுங்காலோடு நின்றாள். பாதம் முழுக்கக் கரிசல் மண் அப்பியிருந்தது.

"பெரியம்மா, அவ காலைக் கழுவிவிடுங்க" என்று செல்வி உள்ளே இருந்து கத்தினாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றேன்.