செவ்வாய்க்கிழமைப் பக்கம்

2015ஆம் ஆண்டு, சாளை மீன் கரையை நெருங்கும் ஆகஸ்டுக் குளிரில், கானாவின் ஃபான்டே கடற்கரையில்தான் அரபா, எஜிர் என்ற இளைஞனை முதன்முதலில் கண்டாள். புகையடுப்பில் மீன் அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினான்.

"அக்கா, எனக்குப் பார்க்கத் தெரியும், எழுதத் தெரியாது. நீங்க எழுதித் தரீங்களா?"

கடலைக் கண்காணிக்க ஊரார் தேர்ந்தெடுத்தவன் அவன். பெரிய இழுவைக் கப்பல்கள், தோணிகளுக்கென ஒதுக்கப்பட்ட கரையோர எல்லைக்குள் நுழைந்தால், நாளையும் நேரத்தையும் பெயரையும் குறித்து அரசுக்கு அனுப்ப வேண்டும். அவனிடம் தூரம் அளக்கும் கருவி எதுவும் இல்லை. கப்பலுக்கருகில் தோணியை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பான். மேட்டுத் தேவாலயத்தின் சிலுவை தெரிந்தால், கப்பல் எல்லைக்குள் இருக்கிறது.

ஒன்பது ஆண்டுகளில் பதினொரு நோட்டுகள் நிரம்பின. ஒரு பிற்பகலில் அரபா அவற்றை வரிசையாகப் புரட்டிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமைகளில் ஒரு வரிகூட இல்லை. செவ்வாய் கடல் இளைப்பாறும் நாள்; எந்தத் தோணியும் இறங்காது. ஆனால் புதன்கிழமைக் குறிப்புகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன: திங்களன்று விட்டுவந்த வலை அறுந்திருந்தது, குஞ்சு மீன்கள் செத்து மிதந்தன.

"நாம பார்க்காத நாள் எதுன்னு கப்பல்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, தம்பி."

எஜிரிடம் இப்படிச் சொன்ன மறுகணமே, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

செவ்வாயன்று கடலுக்குப் போவதாக எஜிர் சொன்னதும் மீனவர் தலைவர் சீறினார். "செவ்வாய்க்கிழமை தோணி இறக்குவியா? உங்கப்பன் இருந்தா உன் காதைத் திருகியிருப்பான்!"

"கடல் இளைப்பாறுது, தலைவரே. கப்பல் இளைப்பாறலையே!"

"அப்போ தனியாப் போ. என்ன ஆனாலும், புதன் விடியாம ஒரு தோணியும் உன்னைத் தேடி வராது."

அடுத்த செவ்வாய்க் காலை, ஆளற்ற கரையில் அரபா மட்டும் அவனுக்குப் புளித்த சோளமாவு உருண்டையான கென்கேயும் பொரித்த மீனும் கட்டிக் கொடுத்தாள். கடல் எண்ணெய்போல் அசையாமல் கிடந்தது. ஒரு பறவைகூட இல்லை.

"என்னக்கா, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி முகத்தை வச்சிருக்கீங்க?" என்று சிரித்தபடியே துடுப்பு வலித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து மணிக்கு அவளுடைய கைப்பேசி ஒலித்தது.

"பச்சைக் கப்பல், அக்கா. சிலுவை நல்லாத் தெரியுது. ஆனா பேர் மேல வலையைத் தொங்கவிட்டிருக்காங்க. கிட்டப் போறேன்."

"வேண்டாம்! நிறம் போதும், திரும்பிடு!"

"பச்சைக் கப்பல் ஊர்ப்பட்டது இருக்கு. பேர் இல்லாம யாரு நம்புவாங்க?"

அவனுடைய பழைய கைப்பேசியில் படம் எடுக்க முடியாது. எழுத்தறியாதவன், வலைக்கண் வழியே தெரிந்த எழுத்துகளின் வடிவங்களைச் சொன்னான். அவள் நோட்டில் வரைந்தாள். முதலில் ஒரு கொக்கி. அடுத்து ஒரு முழு வட்டம். அதற்கடுத்துக் குறுக்குக் கட்டையோடு இரண்டு கால்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் இயந்திர இரைச்சல் கூடிக்கொண்டே வந்தது.

"கப்பல் திரும்புது, அக்கா. என் பக்கமாத்தான் திரும்புது."

"எஜிர்! தோணியைத் திருப்புடா!"

இரைச்சலுக்கு மேலாக அவன் கத்தினான்.

"நோட்டை மூடிடாதீங்க, அக்கா! மேல செவ்வாய்க்கிழமைன்னு எழுதுங்க!"