நெல்லுக்குள் ஒரு மீன் தலை

நெல் நாற்றின் இலையைக் கிள்ளாமல் வளைத்துக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறாள் ஜலஜா. இலை குளிர்ந்திருந்தால் செடி தண்ணீர் குடிக்கிறது. வெதுவெதுப்பாக இருந்தால் தவிக்கிறது. அதை அளக்க அடையாறு ஆய்வுக்கூடத்தில் கருவி உண்டு. கருவியில் பார்த்த பிறகும் கன்னத்தில் ஒருமுறை வைத்தால்தான் அவளுக்கு மனம் ஆறும்.

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் தேவானையின் மகள் இவள். செடிகளின் மரபணுவை ஆராய்ந்து முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். தெருவோரம் புல்பூண்டு முளைத்திருந்தாலும் குனிந்து பார்க்காமல் நகரமாட்டாள். அடையாறுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் அண்ணன் பொன்னுரங்கத்துக்கு அதனால் தினமும் தாமதம். "தங்கச்சி செடி டாக்டரு," என்று சவாரிகளிடம் சமாதானம் சொல்வார். "எங்க ஊட்டு ரோஜாவுக்கு ஊசி போடுமா?" என்று ஒரு பூக்காரம்மா கேட்டதற்கு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் ஜலஜாதான்.

அவள் ஆராயும் மரபணு செத்தது. எப்போதோ நெல்லில் ஒரு மரபணு இரண்டாகப் பெருகியது. ஒன்று இன்றும் உப்பைத் தாங்கும் புரதத்தைச் செய்கிறது. மற்றது பழுதாகி அந்தத் திறனை இழந்துவிட்டது. போலி மரபணு என்பார்கள்.

"செத்துப்போனதாண்ட உனக்கு இன்னா வேலை?" என்று ஒருநாள் வண்டியில் கேட்டார் பொன்னுரங்கம்.

"கடையாண்ட பூனை வந்தா அம்மா இன்னா பண்ணும்? மீன் தலையை ஓரமாத் தூக்கிப் போடும்ல. பூனை அதக் கவ்விக்கினு பூடும். வஞ்சிரம் தப்பிச்சிக்கும்."

நல்ல மரபணு அனுப்பும் செய்தியை அழிக்கச் சின்னஞ்சிறு துணுக்குகள் செடிக்குள் திரிகின்றன. செத்த மரபணுவும் ஏறக்குறைய அதே செய்தியை அனுப்புகிறது. அந்தச் செய்தியிலிருந்து புரதம் உருவாகாது. ஆனால் துணுக்குகள் அதைக் கவ்விக்கொள்ள, நல்ல செய்தி பிழைக்கிறது. இதுதான் ஜலஜாவின் கணிப்பு.

"அந்தத் தலை எத்தினி நாளா கீது?"

"மனுசன் நெல்லு நடக் கத்துக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே கீதுண்ணா."

அன்று பொன்னுரங்கம் இறங்க வேண்டியவர்களை இறக்காமல் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டார்.

அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியருக்கு இதில் நம்பிக்கையில்லை. இந்தமுறையும் நாற்றுகளில் வேறுபாடு தெரியாவிட்டால் தலைப்பை மாற்றிவிடு என்று சொல்லிவிட்டார். இத்தனை வருட உழைப்பும் அதோடு போய்விடும்.

செத்த மரபணுவை வெட்டியெடுத்த நாற்றுகளும் வெட்டாதவையும் உப்புத் தண்ணீரில் நின்றன. கணிப்பு சரியென்றால் வெட்டியவை வாட வேண்டும். ஒருவகைக்கு நீல நூல், மற்றதற்கு மஞ்சள். எது எதற்கு என்பது அதைக் கட்டிய தோழி ஜுவேரியாவுக்கு மட்டும் தெரியும். "எனக்கு ஆசை கீது. அதான் என் கண்ணை நான் நம்பமாட்டேன்," என்பாள் ஜலஜா.

போன வெள்ளிக்கிழமை கூட்டிப்போக வந்த அண்ணனையும் உள்ளே அழைத்தாள். மஞ்சள் நூல் கட்டியவை நிமிர்ந்து நின்றன. நீல நூல் கட்டியவை நுனி சுருண்டு, வெளுத்துத் தொங்கின.

"நீலம் பூரா வாடிச்சு," என்றாள் ஜலஜா. "நீலம் எது?"

"வெட்டினது," என்றாள் ஜுவேரியா. "இனிமே தலைப்பை மாத்துன்னு உன் சாரு எப்டி சொல்றாருன்னு பாக்கறேன்."

பொன்னுரங்கம் மஞ்சள் நூல் நாற்றுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். புல் போல மெலிந்த அவற்றுக்குள் அத்தனை காலமாக ஒன்று செத்துக் கிடந்து காவல் காக்கிறது.

ஜலஜா சிரிக்கவில்லை. "அடுத்த தட்டு நாத்தைக் கொண்டா ஜுவேரியா. இந்தவாட்டி நூலை உன் இஷ்டத்துக்கு மாத்திக் கட்டு. எங்கிட்ட சொல்லாத," என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பி, துப்பட்டாவால் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீயும் திரும்பிக்கோண்ணா. உன் மூஞ்சே காட்டிக்குடுத்துடும்."

மற்றக் கையால் துழாவி, அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்திழுத்துச் சுவரைப் பார்க்க நிறுத்திக்கொண்டாள்.