முடி யானைக்கு முடி கொட்டிய கோடை

என் வீட்டுக்காரர் பல வருஷம் துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். அந்தக் கோடையில் லீவில் வந்தவருக்குத் திரும்பிப் போக மனசில்லை. எனக்கும் அனுப்ப மனசில்லை. பிள்ளைகள் அப்பாவைப் போட்டோவில் பார்த்தது போதும் என்றிருந்தது. ஆனால் இங்கே வேலை?

அப்போதுதான் தஞ்சாவூர்ப் பொருட்காட்சித் திடலில் ஆதிகாலத்து மிருகங்கள் லாரியில் வந்து இறங்கின. எல்லாம் பைபர் பொம்மைகள், உள்ளே மோட்டார். தலையாட்டும், வாயைத் திறக்கும், உறுமும். மோட்டாரைப் பார்த்துக்கொள்ள இவரைச் சேர்த்துக்கொண்டார்கள். கடைசி வாரம் மதுரையிலிருந்து முதலாளி வருவார், பொம்மைகள் நல்லபடியாக இருந்தால் இவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வார் என்று பேச்சு. நான் தினமும் தெருமுனைப் பிள்ளையாருக்கு அருகம்புல் சாத்தி, அந்த முதலாளிக்கு நல்ல புத்தியைக் கொடுப்பா என்று வேண்டிக்கொண்டேன்.

கூடாரத்து வாசலில் பெரிய போர்டு: 'பூமி சூடாகிறது. இவை அழிந்தன. அடுத்தது யார்?' உள்ளே ஒரு காலேஜ் பெண் மைக்கில் விளக்கம் சொல்லுவாள். நம் ஜனங்களிடம் மாட்டிக்கொண்டு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

"பனியெல்லாம் உருகிடுச்சுங்க. அதான் இதெல்லாம் வாழ முடியாம அழிஞ்சுபோச்சு" என்றாள் ஒருநாள்.

கீழ்வேளூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "உருகின தண்ணி எங்கம்மா போச்சு?"

"கடலுக்குத்தாங்க."

"அப்பவும் கடலுக்குத்தானா? நாலு நாள் முறை வச்சு எங்க கடைமடைக்கு விட்டிருக்கலாம்ல?"

கூடாரமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அந்த வருஷம் ஆற்றில் மணல்தான் ஓடியது.

நடுவில் நின்றது மாமூத். யானைக்குப் பாட்டன் என்று சொன்னார்கள். உடம்பெல்லாம் செம்பட்டை முடி முழங்கால் வரை தொங்கும். பெயர் வாயில் நுழையாததால் எல்லோருக்கும் அது முடி யானை. "வேகாத வெயில்ல கம்பளியைப் போத்திக்கிட்டு நிக்குதே, சாவாம என்ன செய்யும்?" என்று ஒரு அம்மா பரிதாபப்பட்டாள். காலேஜ் பெண் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதேதாம்மா! அதைத்தான் நான் காலையிலேர்ந்து கத்திக்கிட்டிருக்கேன்!"

மாமூத்தின் தும்பிக்கை மேலே போய்க் கீழே இறங்கும். இறங்குகிற இடத்தில் தலையை நீட்டினால் ஆசீர்வாதம்தானே? வரிசை கட்டிவிட்டார்கள். நானும் நின்றேன். பொம்மை என்று தெரியும். அதற்கு மோட்டார் போடுவதே என் வீட்டுக்காரர்தான். ஆனாலும் தும்பிக்கை உச்சந்தலையில் பட்டதும் கண் தானாக மூடிக்கொண்டது.

வினை முடியில் வந்தது. ராத்திரியில் பயந்து அலறுகிற குழந்தைக்கு யானைமுடி மோதிரம் போட்டால் பயம் தெளியும். கோயில் யானையிடம் ஒரு வால்முடி வாங்கப் பாகனைத் தாஜா பண்ண வேண்டும். இங்கேயோ உடம்பு முழுக்க முடி, பாகனும் கிடையாது. முதலில் வால் மொட்டையானது. அப்புறம் கால், வயிறு.

"அம்மா, அது நைலான்மா, பிடுங்காதீங்க" என்று இவர் கெஞ்சினார்.

"இருக்கட்டும் தம்பி. சாமியும் கல்லுதானே?" என்றபடி ஒரு பெரியம்மா இன்னொரு கொத்தை இழுத்தாள். "பேத்திங்க ரெட்டைப் புள்ள."

மோதிரம் கட்டித் தருகிற ஆசாரி, முடியை விளக்கில் காட்டி, உருகுகிறதே என்றாராம். பரவாயில்லை கட்டுங்க என்றார்களாம்.

கை எட்டுகிற உயரம் வரைக்கும் மாமூத், மொட்டை போட்ட பிள்ளை மாதிரி நின்றது. இவர் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். "முதலாளி பாத்தா அவ்வளவுதான். பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்" என்றார்.

மறுநாள் காலையிலேயே ஒரத்தநாட்டுக்குப் பஸ் ஏறினேன். அங்கே என் நாத்தனார் வீட்டுக்குப் பக்கத்தில் கயிற்று ஆலை. ரெண்டு மூட்டை தேங்காய் நார் வாங்கி வந்தேன். நிறம் அச்சு அசல். கூடாரம் திறப்பதற்கு முன்னால் போய், கோணி ஊசியால் வலைத்துணியில் நாரைக் கோத்துக் கோத்துத் தருவேன், இவர் ஒட்டுவார். நாங்கள் ஒட்ட ஒட்ட, சாயங்காலம் ஜனங்கள் பிடுங்கப் பிடுங்க, கடைசி வாரம் வந்துவிட்டது.

முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே வந்து நின்றார். மாமூத்தின் வயிற்றைத் தடவினார். நார் கையோடு வந்தது.

"என்னய்யா இது?"

இவர் பசை டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். யானையின் வயிற்றுக்கடியில் ஊசியோடு உட்கார்ந்திருந்த நான்தான் எழுந்தேன். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொன்னேன். மோதிரம், ஆசாரி, ரெட்டைப் பிள்ளை, ஒன்றையும் விடவில்லை.

அவர் முகம் கடுகடுவென்றே இருந்தது. பிறகு தோள் குலுங்கியது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஓசூர்ல பொம்மைத் தோல் கிழிஞ்சதை ஒருத்தன் அப்படியே விட்டுட்டு ஓடிட்டான். நீங்க குடும்பமா உக்காந்து முடி நட்டிருக்கீங்க!" இவரிடம் திரும்பினார். "என்கூட வர்றியா? ஊர் ஊராப் போகணும்."

இவர் என்னைப் பார்த்தார். ஊர் ஊராகவா? பிள்ளையாரே, இதையா கேட்டேன்? ஆனால் எல்லாம் பஸ் போகிற ஊர்தானே.

"மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு அனுப்புவீங்களா சார்?" என்றேன்.

"யானைக்கு முடி கொட்டலைன்னா மூணா அனுப்புறேன்" என்றார்.

லாரி சேலத்துக்குக் கிளம்பியது. அங்கே போய்ச் சேர்ந்த வாரமே இவரிடமிருந்து போன்.

"இங்க யாரும் முடியைத் தொடலை. தந்தத்தைச் சுரண்டுறாங்க."

"ஐயோ, எதுக்குங்க?"

"மருந்தாம். பாதித் தந்தம் போச்சு. எதை வச்சு அடைக்கிறதுன்னு தெரியலை. உனக்கு ஏதாவது தோணுதா?"

"ஞாயித்துக்கிழமை வருவீங்கல்ல, சாப்பிட்டுட்டு உக்காந்து பேசுவோம்" என்றேன்.