வாளி ஏறினால்தான் ரோசி ஏறும்

காலை 6.10, என் ஊர் ராசா. நாயைக் கடலுக்குக் கூட்டிப் போகிறேன் என்று நான் சொன்னபோது எங்கள் தெருவில் சிரிக்காத ஆள் இல்லை. சிரிக்கட்டும். அவர்கள் வீட்டு வாசலில் மூன்று வாரம் ஒரு நாய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தெரியும்.

ரோசி என் நாய் அல்ல, என் அக்காவின் நாய். லிங்கிப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த அக்கா, போன மாதம் ஜோகூரில் இருக்கும் மகளிடம் போய்விட்டாள். அங்கே பதினோராவது மாடி, நாய்க்கு அனுமதி இல்லை. ராசாவில் புல்வெட்டும் மெஷின்களைப் பழுது பார்த்துக்கொண்டு தனிக்கட்டையாகக் கிடக்கும் என் தலையில் ரோசியைக் கட்டிவிட்டாள். கூடவே தன் பழைய பால் வாளியையும் கொடுத்தாள். அலுமினிய வாளி, பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியது.

அந்த வாளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பால் எடுக்கும்போது நிறைந்த வாளியை மர வரிசையின் ஓரத்தில் வைத்துவிட்டு அடுத்த வாளியோடு உள்ளே போவார்கள். குரங்கு வந்து கவிழ்த்தால் அன்றைய பாடு போச்சு. ஏழு வருடமாக அக்காவின் வாளிக்கு ரோசிதான் ஜாகா. காவலுக்கு எங்கள் தோட்டங்களில் இந்த மலாய்ச் சொல்தான். என் வீட்டுக்கு வந்தும் அது தன் வேலையை விடவில்லை. வெறும் வாளியின் பக்கத்தில் நாள் முழுக்கப் படுத்திருந்தது. கூப்பிட்டால் வராது. நான் போட்ட சோற்றை நான் நகர்ந்த பிறகு பாதி தின்னும். என் கையிலிருந்து ஒரு பருக்கை வாங்கியதில்லை.

கோலா பிலாவில் மூன்று ஏக்கர் ரப்பர் வைத்திருக்கும் என் நண்பன் முத்து, விஷயம் கேட்டதும் பளிச்சென்று சொன்னான்: "எனக்குக் குடுத்துடு லா. இங்க மரம் இருக்கு, வாளி இருக்கு. உன் கடையில கிரீஸ் வாசத்துல அது என்னா செய்யும்?" நியாயமான பேச்சு. இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்கிறேன் என்றேன். அக்காவிடம் போனில் கேட்டேன். "குடுக்குறதா இருந்தா குடு. ஆனா ஒரு தடவ கடலக் காட்டிட்டுக் குடுடா. பக்கத்துலயே கடல வச்சிக்கிட்டு, அடுத்த லீவுல போலாம், அடுத்த லீவுல போலாம்னு ஏழு வருஷமா அவள ஏமாத்திட்டேன்" என்றாள்.

அதனால்தான் இந்தப் பயணம். உண்மையைச் சொல்கிறேன், வழியனுப்பும் மரியாதைக்காகத்தான் கிளம்பினேன். காரின் கதவைத் திறந்து கெஞ்சினேன், மிரட்டினேன், வாழைப்பழம் காட்டினேன். ஊஹூம். கடைசியில் எரிச்சலோடு வாளியைத் தூக்கிப் பின் இருக்கையில் வைத்தேன். ரோசி ஒரே தாவலில் ஏறிக்கொண்டது. மூதேவி.

6.55, ரந்தாவ். மம்பாவ் வழியாக ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். சாலையோரம் ஒரு பாய் கடையில் நிறுத்தினேன். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் இரண்டு, நுரைக்க ஆற்றிய டீயான தே தாரே ஒன்று, ஐந்து வெள்ளி இருபது காசு. கடைக்காரர் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"நாய்க்கும் பசிக்கும்ல அண்ணே? ஒண்ணு வெறும் ரொட்டியாப் போட்டுத் தரேன். கார்லயே குடுத்துடுங்க, கஸ்டமர் இருக்காங்க."

அந்த ரொட்டிக்கு நாலணா கூட வாங்கவில்லை. ரொட்டியைப் பிய்த்து நீட்டினேன். ரோசி முகத்தைத் திருப்பிக்கொண்டது. மீதியைத் தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

7.30, லிங்கி. அக்காவின் தோட்டத்துக்குத் திரும்பும் மண்சாலை வந்தது. முக்கால்வாசி எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்டது, உள்ளே தள்ளித்தான் கொஞ்சம் பால்மரம். வேண்டாம் என்று நினைத்தபடியே வண்டியை மெதுவாக விட்டேன். ரோசி எழுந்து கண்ணாடியில் மூக்கை அழுத்தி, நான் இதுவரை கேட்காத ஒரு குரலில் முனகியது. முத்து சொன்னதுதான் சரி, இதற்கு மரம்தான் வேண்டும், நான் வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்.

8.15, தெலுக் கெமாங். பள்ளி விடுமுறை என்பதை மறந்த என் புத்தியை எதால் அடிப்பது! கடற்கரை முழுக்கப் பாய், கூடாரம், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். நாயைக் கொண்டுவரக்கூடாது என்று பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. ஆனால் நாங்கள் மணலில் இறங்கியதும் ஒரு மலாய்க்காரத் தாய் தன் பிள்ளைகளை மெல்லப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். முறைக்கவில்லை, சிரித்துக்கொண்டே இழுத்தாள். மலாய்க்காரர்களோடு ஒரே தோட்டத்துப் பள்ளி மைதானத்தில் வளர்ந்தவன் நான். நாய், அதுவும் நனைந்த நாய் மேலே பட்டால் அவர்கள் தொழுவதற்கு முன் மண் போட்டு ஏழு முறை கழுவ வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? ஒரு குடும்பத்தின் லீவைக் கெடுக்க மனம் வரவில்லை. திரும்பினோம். வழியில் நாய்களுக்கும் இடமுண்டு என்று எழுதிய ஒரு விடுதியில் விசாரித்தேன். அறை எடுத்தால்தான் மணலில் இறங்கலாம், நாய்க்குத் தனியாக எண்பது வெள்ளி. ரோசி அந்த அறையிலும் வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

9.20, பாசீர் பாஞ்சாங் தாண்டி. தெற்கே போகப் போகக் கூட்டம் குறைந்தது. ஒரு சின்னப் படகுத்துறை, சவுக்கு மரங்கள், நாலு படகு. மரத்தடியில் ஒரு மலாய்க்கார மீனவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். ரோசியைக் காரில் விட்டுவிட்டுத் தனியாகப் போய், "பாக்சிக், நாயைக் கொஞ்சம் இறக்கலாமா?" என்று மலாயில் கேட்டேன்.

கேட்டதே அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். "கடல் என்ன என்னுடையதா, அண்ணே?" என்றார். எங்கள் மாநிலத்து மலாயில் தமிழன் எப்போதும் அண்ணேதான். "வலைப்பக்கம் மட்டும் வரவேண்டாம். நனைந்தபின் என் பக்கமும் வேண்டாம், நான் தொழப் போக வேண்டும்" என்று கரையின் அந்தக் கோடியைக் கை காட்டினார்.

நாயை அழைத்து வருகிறவர்கள் கவனிக்க: இந்தக் கரையில் நாய்க்கு ஏற்ற இடம் பலகையில் எழுதியிருக்காது. கூட்டமில்லாத நேரமும், கேட்டுவிட்டு இறங்கும் வாயும் இருந்தால் கிடைக்கும்.

வாளியை ஈர மணலில் வைத்தேன். ரோசி அதன் பக்கத்தில் படுத்தது. கடலை ஒரு தரம் பார்த்தது, தும்மியது, அவ்வளவுதான். ஏழு வருடம் பாக்கி வைத்த கடல்! எனக்குக் கோபமே வந்துவிட்டது. "நீ பாக்காட்டி போ, நான் பாக்குறேன்" என்று செருப்பைக் கழற்றி மேட்டில் வைத்து, அதற்குள் கார் சாவியைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவு போனதும் மணல் முடிந்து சேறு வந்தது. கால் புதைந்தது, மறு கால் தேடியது, குப்புற விழுந்தேன். இரண்டு வாய் உப்புத் தண்ணீர். எழுந்தேன், மறுபடி விழுந்தேன். ஆழம் ஒன்றுமில்லை, ஆனால் பயத்துக்கு ஆழமெல்லாம் தெரியாது.

அப்போதுதான் குரைப்புச் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துப் பார்க்கிறேன், ரோசி தண்ணீரில்! அலை முகத்தில் அடிக்க அடிக்கக் குரைத்துக்கொண்டு என்னை நோக்கி நீந்தி வந்தது. பக்கத்தில் வந்து, என் சட்டைக் கையைக் கவ்வி இழுத்தது. அது இழுத்துத்தான் நான் எழுந்தேன் என்று சொன்னால் பொய். அது வந்ததால் பயம் போய் எழுந்தேன்.

நாங்கள் திரும்புவதற்குள் நீர் ஏறிவிட்டது. வாளி மிதந்து ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. "ரோசி, வாளி! வாளி போவுது!" என்று கத்தினேன். அது வாளியைப் பார்த்தது. பிறகு என் காலோடு ஒட்டிக்கொண்டு கரையேறி, நேராக மேட்டுக்குப் போய், என் செருப்பின் மேல் படுத்துக்கொண்டது.

மீனவர்தான் நீண்ட கழியால் வாளியை இழுத்தெடுத்துக் கொண்டுவந்தார். ரோசி உறுமியது. எட்டடி தள்ளியே நின்று வாளியை மணலில் வைத்தார். உறுமல் நிற்கவில்லை. ரோசி எதன் மேல் படுத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அவர் சிரித்தார்.

"அண்ணே, இது வாளிக்கு இல்லை. உங்கள் செருப்புக்கு ஜாகா."

நம்பவில்லை நான். வாளியை எடுத்துக்கொண்டு இருபதடி நடந்து பார்த்தேன். ரோசி அசையவில்லை. திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்டைப் பையில் ரொட்டி உப்புத் தண்ணீரில் கூழாகியிருந்தது. எடுத்து நீட்டினேன். என் உள்ளங்கையை நக்கி நக்கித் தின்றது. அந்த மனிதர் எதிரில் அழக்கூடாது என்று கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

11.40. காருக்கு வந்ததும் முத்துவை அழைத்தேன். "மன்னிச்சுக்கடா, குடுக்கல." "ஏன் லா?" "என் செருப்பு தொலைஞ்சிடும்டா" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.

அடுத்து அக்கா. எடுத்ததுமே, "சாப்புட்டாளா?" என்றாள்.

"சாப்புட்டா. என் கையால வாங்கிச் சாப்புட்டா. கடல்ல நீந்துனா."

"அய்யோ, என் தங்கம்!" என்று சிரித்தவள், சட்டென்று நிறுத்தினாள். "வாளி? வாளிகிட்டதானே இருக்கா?"

பதினோராவது மாடியில் நின்று கேட்கிறாள். ஏழு வருடம் விடிகாலை இருட்டில் மரம் வெட்டப் போகும்போது தனக்கு முன்னால் பாம்பு பார்த்து நடந்த நாயைப் பற்றிக் கேட்கிறாள். நான் மகிழ்ந்த அதே விஷயம் அவளுக்கு என்னவாக இருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

"வாளிய விட்டு அசையவே இல்லக்கா" என்றேன்.

"அதானே" என்றாள். அந்த ஒரு சொல்லில் அத்தனை நிம்மதி.

திரும்பும் வழி நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. இந்தப் பத்திரிகை ஜோகூரில் அக்கா கைக்குப் போகாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். கதவைத் திறந்ததும் ரோசி முன் இருக்கையில் ஏறிக்கொண்டது. வாளியை ஏற்ற மறந்துவிட்டு, பாதித் தூரம் போய்த் திரும்பி வந்து எடுத்தவன் நான்தான்.