கொம்பில் வந்த மீன்

ஏரியில் எங்கள் நைனா விட்ட வலையில் ஒருநாள் மாட்டுக்கொம்பு ஒன்று ஏறியது. சேறும் சிப்பியும் அப்பிக் கிடந்த அதைத் தூக்கிப் போடச் சொன்னார் மாமா. அவர் சொன்னதாலேயே நைனா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மாவின் தம்பி எதைச் சொன்னாலும் அதற்கு நேர்மாறாகச் செய்வது நைனாவின் கொள்கை.

அந்த வாரம்தான் பெரிய சண்டையும் நடந்தது. முகத்துவாரத்துக்கு வடக்கே கடலடியில் பாறைத்திட்டு இருக்கிறது, சங்கரா மீன் மந்தையாக நிற்கிறது, ஒருமுறை வலை விடலாம் என்று மாமா கெஞ்சினார்.

"நேத்து படகேறினவன் எனக்கு இடம் காட்றியா? வலை கிழிஞ்சா இன்னா பண்ணுவ?" என்றார் நைனா.

பேச்சு முற்றி, திங்கட்கிழமையிலிருந்து மாமா மீஞ்சூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட வேண்டும் என்று முடிவானது. மாமா இல்லாத வீட்டை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அழுகை அழுகையாக வந்தது.

அம்மா புளியும் சாம்பலும் போட்டுக் கொம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கத் தேய்க்கக் கறுப்புக் கோடுகள் கிளம்பின. கரை, ஏரி, முகத்துவாரம், சதுரமாக ஒரு கோட்டை, பாய்மரக் கப்பல். எங்கள் ஊரேதான். குப்பமே வாசலில் கூடிவிட்டது. அந்தக் காலத்தில் இங்கே கோட்டை கட்டியிருந்த டச்சுக்காரன் துப்பாக்கி மருந்து போட்டு வைத்த கொம்பு இது, வழி தெரிவதற்காகப் படம் செதுக்கியிருக்கிறான் என்று எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். நைனா ஏதோ தானே செதுக்கியதுபோல மீசையைத் தடவிக்கொண்டு எல்லோருக்கும் காட்டினார்.

"இன்னும் தேய்ச்சா இன்னும் வரும்னு தோணுது" என்றாள் அம்மா.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு மூச்சிரைக்க ஓடிவந்தால், உண்மையாகவே வந்திருந்தது. முகத்துவாரத்துக்கு வடக்கே ஒரு மீன். தடித்த வயிறு, பெருக்கல் குறிபோல வால், மூன்றே மூன்று செதில். மற்ற கோடுகளைப்போல் இல்லாமல் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அம்மா அந்த இடத்தை நன்றாகத் தேய்த்திருக்கிறாள் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

நைனா கொம்பை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோட்டை கட்டினவன் சும்மா போடுவானா? மீன் இருக்கிற எடத்துலதான் போட்டிருக்கான்."

மாமா வலையைச் சரிபார்க்கக் கிளம்பினார்.

"அம்மா மீன் வாருற அன்னக்கூடையிலகூட இதே மாதிரி..." என்று நான் ஆரம்பித்தேன். அம்மா என் வாயில் ஒரு பெரிய வெல்லக்கட்டியைத் திணித்தாள். கேட்காமலே எனக்கு வெல்லம் கிடைத்தது அன்றுதான்.

அடுத்த நாள், சனிக்கிழமை, விடியற்காலையில் போன எங்கள் ஃபைபர் படகு, உச்சிவேளையில் பாரம் தாங்காமல் ஆடி ஆடி வந்தது. உள்ளே சிவக்கச் சிவக்கச் சங்கரா. நான் தண்ணீருக்குள்ளேயே ஓடினேன்.

"டச்சுக்காரன் டச்சுக்காரன்தான்" என்று கரையெல்லாம் கேட்கச் சொன்னார் நைனா. பிறகு மாமாவைப் பார்த்து, "இவனும் இன்னாவோ சொல்லினு இருந்தான்" என்று முனகினார். திங்கட்கிழமை மாமா படகில்தான் போனார். மீஞ்சூரைப் பற்றி யாரும் பேசவில்லை.

சங்கரா வந்த அன்றைக்கே கரையில் மீனை வாருவதற்காக அம்மா தன் அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள். ஏலத்தில் மாறிப்போகாமல் இருக்க அவள் அதன் அடியில் ஆணியால் கீறி வைத்திருந்த மீன் தெரிந்தது. தடித்த வயிறு, பெருக்கல் வால், மூன்று செதில். டச்சுக்காரன் எங்கள் அம்மாவின் அன்னக்கூடையை எப்போது பார்த்திருப்பான் என்று ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.